சிரிக்காதவர்கள் சிரித்த கதை

2023-ஆம் ஆண்டு மே திங்கள் 28-ஆம் நாள் டில்லியிலே பெருவிழா. புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாள் அது. தமிழகத்திலிருந்து ஆதீனங்கள் அழைத்துச் செல்லப்பட்டனர், ஓமம் வளர்த்தனர், செங்கோல் ஏந்தினர், மக்களாட்சியின் மாண்பு பற்றி மெத்தப் பேசினர். அதே நாளில், அதே டில்லியில், ஜந்தர் மந்தரிலிருந்து அந்தப் புதிய கட்டடத்தை நோக்கி நடக்கப் புறப்பட்ட மல்யுத்த வீராங்கனைகளைத் தெருவிலே மடக்கினர், இழுத்தனர், போலீசு வண்டியிலே ஏற்றினர். உலக அரங்கிலே இந்நாட்டுக் கொடியை ஏற்றி வைத்தவர்களை வண்டியில் ஏற்றி வைத்த நாளும் அதுதான்!

மல்யுத்தச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த, ஆளுங்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொல்லைப் புகார் கூறி நடவடிக்கை கேட்டவர்கள் அவர்கள். அவர் மறுத்தார், வழக்கு நீதிமன்றம் சென்றது. அதற்குள் நாம் இங்கு நுழையவில்லை. நாம் பேச வந்தது அந்த வண்டிக்குள் எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றி.

வினேஷ் போகாட், சங்கீதா போகாட், உடன் பிடிக்கப்பட்டவர்கள் சிலர், போலீசார் சிலர். கைபேசியை நீட்டித் தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படம். எல்லார் முகமும் இறுகிக் கிடக்கிறது. பிடிபட்டோம், இதுதான் சாட்சி என்று ஊருக்குக் காட்ட எடுத்த படம் வேறெப்படி இருக்கும்? ஆனால் அன்றைய பொழுது சாய்வதற்குள் அதே படம் இன்னொரு கோலத்தில் நாடெங்கும் பரவிற்று. அதே வண்டி, அதே இருக்கை, அதே உடை. முகத்தில் மட்டும் பல் தெரியும் சிரிப்பு! "பார்த்தீர்களா, போராட்டமாம்! வண்டிக்குள் ஏறியதும் வாயெல்லாம் பல்! எல்லாம் நாடகம்!" என்று அதன் கீழே ஆயிரம் பேர் எழுதினர். உண்மையான படத்தையும் பொய்யான படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி விளக்கவேண்டிய வேலை, அடிபட்டவர்கள் தலையிலேயே விழுந்தது. மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா, இது போலி என்று எடுத்துச் சொன்னார். செய்திகளைச் சரிபார்ப்போரும் முகத்தை மாற்றும் செயலி கொண்டு செய்த வேலை இது என்று மெய்ப்பித்தனர். ஆனால் தோழர்களே, சிரித்த படத்தைப் பார்த்த அத்தனை பேரும் மறுப்பைப் பார்த்திருப்பார்களா? பொய் பஞ்சாய்ப் பறக்கும். மறுப்பு கட்டை வண்டியில் வரும்.

மாரீசன் பொன்மானாக வந்தான் என்று புராணிகர் கதை சொன்னபோது, ஏன், எப்படி என்று கேட்டுச் சிரித்த இயக்கம் நமது இயக்கம். இன்று மாரீசன் வேலையைச் செய்ய அரக்கன் வேண்டியதில்லை. ஆளுக்கொரு கைபேசி போதும். அந்தச் செயலி உதட்டைப் பிடித்து இழுத்து நீட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். பல்லாயிரம் முகங்களைக் காட்டி அதற்குச் சிரிப்பு என்றால் என்ன என்று பழக்கி வைத்திருக்கிறார்கள். கன்னம் எப்படி உயரும், கண் எப்படிச் சுருங்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். சிரிக்காத ஒருவர் சிரித்திருந்தால் எப்படி இருப்பார் என்று அது புதிதாக வரைந்து தருகிறது. முன்பெல்லாம் கைதேர்ந்த ஓவியன் இருட்டறையில் பல நாள் குனிந்து கிடந்து செய்த வேலை, இன்று ஒரு தொடுகையில் முடிந்துவிடுகிறது.

எவனோ பெயர் தெரியாதவன் செய்த வேலை அது, ஆளவந்தார் என்ன செய்வார் என்று கேட்பார் உண்டு. சரி, பெயர் தெரிந்த இடத்துக்கே போவோம். நம் ஊருக்கே வருவோம்.

2015 டிசம்பர். சென்னை மூழ்கிய நாட்களை யார் மறப்பார்? கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் முடிச்சூரிலும் வீட்டுக்குள் ஆறு புகுந்தது. மாடியில் நின்றவர் கீழே மிதந்த தம் பண்ட பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றனர். டிசம்பர் 3-ஆம் நாள் பிரதமர் மோடி வானிலிருந்து வெள்ளத்தைப் பார்வையிட்டார். அப்போது எடுத்த படத்தை மத்திய அரசின் செய்தி நிறுவனமான பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் வெளியிட்டது. சன்னல் வழியே பிரதமர் பார்க்கிறார். சன்னலுக்கு வெளியே, வட்டமான கண்ணாடிக்குள், தண்ணீரில் நிற்கும் கட்டடங்கள் தட்டிலே வைத்துத் தந்ததுபோலத் தெளிவாகத் தெரிகின்றன! வானத்திலிருந்து பார்த்தால் இவ்வளவு கிட்டத்தில் எப்படித் தெரியும் என்று மக்கள் கேட்கத் தொடங்கினர். அதே அலுவலகம் வெளியிட்ட இன்னொரு படத்தில் அதே சன்னல் வழியே மங்கலான நிலமும் நீருமே தெரிந்தன. குட்டு உடைந்தது. படத்தை எடுத்துவிட்டனர். இரண்டு படங்களை இணைத்துவிட்டோம், தவறான முடிவு, வருந்துகிறோம் என்று விளக்கமும் தந்தனர்.

வெள்ளம் இல்லாமலா போயிற்று? இருந்தது. பிரதமர் பார்க்காமலா போனார்? பார்த்தார். பிறகு ஏன் ஒட்டு வேலை? இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். மங்கலான கண்ணாடி வழியே, உயரத்தில் இருந்து, நிலமும் நீரும் பிரித்தறிய முடியாதபடி பார்த்தார் என்பதே உண்மை. அந்த உண்மை ஆட்சியாளருக்குப் போதவில்லை. மக்களின் துன்பத்தை அருகில் நின்று கண்டவர் போன்ற தோற்றம் வேண்டியிருந்தது. அருகில் வருவதற்குப் பதில் வெள்ளத்தை வெட்டி எடுத்து அவர் சன்னலில் ஒட்டினார்கள்! மூழ்கியவனுக்கு அரிசி வந்ததா, படகு வந்ததா என்பது வேறு கணக்கு. அவன் துன்பத்தின் படம்கூட அவனுக்குச் சொந்தமாக இல்லை என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

இது புதிய நோயுமன்று. 1920 மே 5-ஆம் நாள் மாஸ்கோவில் மேடை ஏறி லெனின் பேசுகிறார். மேடையின் படிக்கட்டில் டிராட்ஸ்கி நிற்கிறார். பின்னாளில் ஸ்டாலின் ஆட்சியில் வெளிவந்த படங்களில் படிக்கட்டு இருக்கிறது, டிராட்ஸ்கி இல்லை. போலீசுத் துறையை ஆட்டிப் படைத்த யெசோவ் என்பார் ஸ்டாலினுக்கு அருகே கால்வாய்க் கரையில் நின்றார்; 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்; பிறகு கரையில் தண்ணீர் மட்டுமே நின்றது. அமெரிக்காவிலோ 1950 தேர்தலில் வேறு வகை. மெக்கார்த்தி என்பவர் கண்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று தூற்றித் திரிந்த காலம். அவர் சொன்னவை மோசடி என்று அறிக்கை தந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மேரிலாந்து செனட்டர் டைடிங்ஸ். தேர்தல் வந்தது. எதிர்த்தரப்பார் வெளியிட்ட பிரசாரத் தாளில், கம்யூனிஸ்ட் தலைவர் பிரவுடர் பேச, டைடிங்ஸ் காதில் கை வைத்துக் கவனமாகக் கேட்பது போல ஒரு படம்! வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு படங்களை வெட்டி இணைத்தது. 'இணைத்த படம்' என்று கீழே சிறிதாக அச்சிட்டும் இருந்தார்கள். யார் படிக்கிறார்கள்? டைடிங்ஸ் தோற்றார். அந்த ஒரு படத்தால்தான் தோற்றார் என்று நாம் அடித்துச் சொல்லமாட்டோம். ஆனால் மறு ஆண்டு செனட் குழுவே அந்த வேலையைக் கண்டித்தது; போன பதவி திரும்பி வரவில்லை.

பொய்ப் படத்தின் வலிமை இது என்றால், மெய்ப் படத்தின் வலிமை என்ன? வங்கத்தைக் கேளுங்கள்.

1943. வங்கத்திலே பஞ்சம். கிராமங்களிலிருந்து கல்கத்தாவை நோக்கி எலும்புக்கூடுகள் நடந்து வந்தன, சோறு கூடக் கேட்கவில்லை, வடித்த கஞ்சியைக் கேட்டன, நடைபாதையில் விழுந்தன. வெள்ளைத் துரைத்தனமோ பஞ்சம் என்ற சொல்லையே ஒப்புக்கொள்ளவில்லை; பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தால் பஞ்சக் கால விதிப்படி சோறு போட வேண்டிய கடமை வந்துவிடுமே! போர்க்கால அடக்குமுறை ஏடுகளின் வாயைக் கட்டியிருந்தது. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' வெள்ளையர் ஏடு; ஆசிரியர் ஐயன் ஸ்டீபன்ஸ் வெள்ளையர். அவர் என்ன செய்தார்? எழுத்துக்குத்தானே தடை என்று, 1943 ஆகஸ்டு 22-ஆம் நாள் தெருவில் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்டுவிட்டார். பஞ்சம் இல்லை என்று இலண்டனில் சொன்னவர் முகத்துக்கு நேரே அந்தப் படம் நின்றது. அக்டோபரில் புதிய வைசிராயாக வந்த வேவல் கல்கத்தாவுக்குச் சென்று, நிவாரணப் பணிக்குப் பட்டாளத்தை இறக்கினார். இறந்தோர் 15 லட்சம் என்று பின்னர் விசாரணைக் குழு சொன்னது. 30 லட்சம் வரை சொல்லும் ஆய்வாளரும் உண்டு.

அதே பஞ்சத்தில் இன்னொருவர். சுனில் ஜனா, இளைஞர். கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பி. சி. ஜோஷி, அவரையும் ஓவியர் சித்தபிரசாதையும் அழைத்துக்கொண்டு பஞ்சம் பிடித்த ஊர்களுக்குப் போனார். சுனில் ஜனா எடுத்த படங்கள் அக்கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' ஏட்டில் வந்தன. அவர்கள் கட்சி வேறு, நம் கட்சி வேறு. ஆகஸ்டுப் போராட்டக் காலத்து அவர்கள் போக்கைப் பற்றி நமக்கும் கருத்து உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கட்சி ஏட்டுக்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை. எண்பது ஆண்டு கழிந்தும், அந்தக் கட்சியை ஏற்காதவரும் அவற்றைச் சான்றாக ஏற்கிறார்கள். ஏன்? எலும்பை இன்னும் கொஞ்சம் எடுத்துக் காட்டுவோம், கூட்டத்தை இன்னும் கொஞ்சம் பெருக்கிக் காட்டுவோம் என்று கை வைத்திருந்தால், "கட்சிக்காரன் செய்த படம்" என்று துரைத்தனம் ஒரே வரியில் தள்ளியிருக்கும். செத்தவரும் கணக்கில் இல்லாமல் போயிருப்பர்.

ஆலைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் லூயிஸ் ஹைன். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர். 1908 முதல் குழந்தைத் தொழிலாளர் தேசியக் குழுவுக்காக நூற்பாலை, நிலக்கரிச் சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை என்று ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் படமெடுத்தார். முதலாளி உள்ளே விடுவானா? வேதப் புத்தகம் விற்பவர் என்றும் வேறு வேடம் பூண்டும் உள்ளே போனார். படமெடுத்ததோடு விட்டாரா? இல்லை. பையன் எவ்வளவு உயரம் என்று கேட்டால் கங்காணி சந்தேகப்படுவான். ஆகவே தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று முன்பே அளந்து வைத்திருந்தார். பையன் எந்தப் பொத்தான் வரை நிற்கிறான் என்று பார்த்துக் கொள்வார். பைக்குள் கை விட்டபடியே பெயர், வயது, கூலி எல்லாம் குறித்துக் கொள்வார். எதற்கு இவ்வளவு பாடு? "இதெல்லாம் போலி, அந்தப் பையனுக்குப் பதினாறு வயது" என்று ஆலை முதலாளி சொல்லுவான் என்பது அவருக்குத் தெரியும். பொய்யரும் படமெடுப்பர் என்று 1909-இலேயே எச்சரித்தவர் அவர். 1916-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1918-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1938-இல்தான் நிலைத்த சட்டம் வந்தது. முப்பது ஆண்டு இழுபறி! அத்தனை ஆண்டும் அந்தப் படங்கள் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றன.

அப்படியானால் படத்தில் கையே வைக்கக் கூடாதா, வெளிச்சம் குறைந்தால் கூட்டக் கூடாதா என்று கேட்கலாம். செய்தி நிறுவனங்கள் வகுத்துள்ள வழக்கம் தெளிவானது: வெளிச்சத்தை ஓரளவு சரி செய்யலாம், தூசியைத் துடைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், இருந்ததை நீக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. 2024 மார்ச்சில் இங்கிலாந்து அரண்மனை, இளவரசி கேட்டும் பிள்ளைகளும் இருக்கும் ஒரு படத்தை வெளியிட்டது. பிள்ளையின் சட்டைக் கை பொருந்தவில்லை என்று கண்டதும் ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி, கெட்டி ஆகிய நிறுவனங்கள் படத்தைத் திரும்பப் பெற்றன. மாற்றியது தாமே என்று மறுநாள் இளவரசி ஒப்புக்கொண்டார். ஒரு சட்டைக் கைக்கு அங்கே அத்தனை கட்டுப்பாடு. வெள்ளத்தையே ஒட்டியவர்க்கு இங்கே ஒரு வரி வருத்தம்!

ஓரத்தை வெட்டலாம் என்றோமே, அதிலும் ஆபத்து உண்டு. தடியை ஓங்கிய போலீசுக்காரரை வெட்டிவிட்டு, கல்லை எடுத்த தொழிலாளியை மட்டும் காட்டினால் ஒரு புள்ளி கூட மாற்றாமலே முழுப் பொய் சொல்லிவிடலாம். ஆகவே மாற்றாத படம் என்பதே முழு உண்மை ஆகிவிடாது. ஆனால் மாற்றாத படத்தோடு வழக்காடலாம். முன்னே என்ன, பின்னே என்ன, மற்ற படம் எங்கே என்று கேட்கலாம். மாற்றிய படத்தோடு எதை வைத்து வழக்காடுவது?

போதாக்குறைக்கு, நாம் கேளாமலே கைபேசி மாற்றுகிறது. 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணிப்பொறித் திரையில் வைத்து, இருட்டறையில் நின்று சாம்சங் கைபேசியால் எடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத பள்ளமும் மேடும் படத்தில் வந்துவிட்டன! நிலவு என்று கண்டுகொண்டால் செயற்கை நுண்ணறிவு விவரங்களைக் கூட்டித் தரும் என்று நிறுவனமும் விளக்கிற்று. நிலவுக்கு அழகு கூடினால் கவிஞருக்கு நட்டமில்லை. ஆலையின் இயந்திரத்தில் காப்புத் தகடு இல்லை என்று காட்ட எடுத்த படத்தில், "இங்கே தகடு இருப்பதுதான் வழக்கம்" என்று ஒரு நாள் கைபேசி நினைத்துக்கொண்டால்?

இதைவிடக் கொடிய விளைவு ஒன்று. பொய்ப் படம் மலிந்தால் முதல் நட்டம் ஏமாந்தவனுக்கு. அடுத்த நட்டம் மெய்ப் படம் வைத்திருப்பவனுக்கு. 2024 ஆகஸ்டு 7-ஆம் நாள் டெட்ராய்ட் விமான நிலையத்தில் கமலா ஹாரிஸ் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நிருபர்கள் பலர் நேரில் கண்டனர். சில நாள் கழித்து டிரம்ப், அங்கே ஒருவரும் இல்லை, எல்லாம் செயற்கை நுண்ணறிவின் வேலை என்று எழுதினார். துணிந்து சொல்ல அவருக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? ஊரில் போலி மலிந்திருப்பதே தைரியம். நாளைக்குத் தடியடி பட்ட தொழிலாளி தன் மண்டைக் காயத்தின் படத்தைக் காட்டினால், "கணிப்பொறியில் செய்தது" என்று ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லலாம். பணம் உள்ளவனுக்குப் பத்து வக்கீல், நூறு சாட்சி. ஏழைக்கு அந்த ஒரு படம்தான் சாட்சி. கள்ள நாணயம் பெருகினால் முதலில் வாங்க மறுக்கப்படுவது கூலிக்காரன் கையில் உள்ள நல்ல நாணயம்தானே!

எனவேதான் நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, கசந்தாலும் சொல்லுவோம். மாநாடு என்றால் பந்தல் வழிய வழியக் கூட்டம் காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லாக் கட்சியாருக்கும் உண்டு. பழைய மாநாட்டுப் படத்தைப் புதிய ஊரின் பெயரில் பரப்புவது, மாற்றாரின் காலி நாற்காலியை மட்டும் எடுத்துக் காட்டுவது, அவர் வாயில் சொல்லாத சொல்லை வைத்துப் படம் செய்வது — இவை மாற்றாருக்கு எதிராகத்தானே என்று எண்ணுவது பேதைமை. பிடிபட்டால், நாளை நாம் காட்டும் உண்மைப் படமும் அவற்றோடு சேர்ந்து சாகும். மறைந்த தலைவர்களைக் கணிப்பொறி கொண்டு மேடையேற்றுவது வேறு கதை. 2024 தேர்தலையொட்டிக் கலைஞரின் உருவமும் ஜெயலலிதா அம்மையாரின் குரலும் அவ்வாறு உருவாக்கப்பட்டன. மறைந்தவர் பேசினால் அது செய்யப்பட்டது என்பது சிறுவனுக்கும் தெரியும். அது செய்தியன்று, அலங்காரம். விருப்பமுள்ளவர் ரசிக்கட்டும். உயிரோடிருப்பவரை, நேற்று நடந்ததை, அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் மோசடி.

சட்டமும் மாறியிருக்கிறது, அறிந்து வையுங்கள். 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, கைபேசிப் படத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் ஒன்று வேண்டும். அதில் அந்தக் கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் குறிக்கப்பட வேண்டும். கைரேகை போன்றது அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். 2023 அக்டோபரில் ஜெர்மனியின் லைகா நிறுவனம், எடுக்கும்போதே படத்துக்கு முத்திரையிடும் கேமராவை வெளியிட்டது. தொழிலாளி ஓராண்டுக் கூலியைக் கொட்டினாலும் அது கிட்டாது. நமக்குக் கிட்டுவது எடுத்த படத்தை எடுத்தபடியே வைத்திருப்பது.

ஆகவே இந்த ஏட்டுக்குப் படம் அனுப்பும் தோழர்கள், தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்கள் கவனிக்கவும். அழகுபடுத்தும் வசதிகளை அணைத்துவிட்டு எடுங்கள். ஒரே படத்தோடு நிறுத்தாமல், முன்னும் பின்னும் அகலமாகவும் சில எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நாள் நேரக் குறிப்பும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். மூலப் படத்தைக் கைபேசியிலிருந்து அழிக்க வேண்டாம். இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தனியே எழுதி அனுப்புங்கள். எடுத்தவருக்கு வேலைக்கு ஆபத்து என்றால் பெயரை அச்சிடமாட்டோம். கூட்டத்துக்கு ஐந்நூறு பேர் வந்திருந்தால் ஐந்நூறு என்றே எழுதுங்கள், அப்படியே போடுகிறோம்.